சோலையம்மாளின் மூன்றாவது கத்தி

கடையில் எதை நீட்டினாலும் சோலையம்மாள் சோத்துக்கையால்தான் வாங்குவாள். பஸ்ஸில் டிக்கெட், கோயிலில் விபூதி, டீக்கடையில் கிளாஸ், எல்லாவற்றுக்கும் வலது கைதான் முன்னே வரும். அந்த மரியாதை முடிந்து ஆள் நகர்ந்ததும் பொருள் இடது கைக்கு மாறிவிடும். அவளுக்கு வேலை செய்கிற கை அதுதான். கோலம் போடுவது, அருவாமனையில் நறுக்குவது, கடலில் பாசி பிடுங்குவது எல்லாம் பீச்சாங்கைதான். அவள் ஊரான மாரியூரில் இது எல்லோருக்கும் பழகிப்போன சங்கதி. வெளியூர்க் கடைக்காரர்களிடம்தான் கூச்சம். நாற்பத்தெட்டு வயதில் என்னம்மா கூச்சம் என்றால், "காலங்காத்தால போயி பீச்சாங்கைய நீட்டுனா அந்த மனுசனுக்கு யாவாரம் வெளங்குமா?" என்பாள்.

இந்தக் கூச்சத்தால் அவள் வீட்டில் இரண்டு மடக்குக் கத்திகள் வீணாகக் கிடக்கின்றன.

பாசி பிடுங்கப் போகும்போது சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, விரல்களில் துணிச் சுற்று, முகத்தில் முங்குகிற கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. பாறை இடுக்கில் முங்கி, மூச்சு முட்டும் வரை பாசி பிடுங்கி, மேலே வந்து மூச்சு வாங்கி, மறுபடி முங்க வேண்டும். இந்த வேலைக்குப் பெண்கள் ஜோடி ஜோடியாகத்தான் போவார்கள். ஒருத்தி முங்கினால் இன்னொருத்தி மேலே பார்த்துக்கொண்டு நிற்பாள். இருபது வருஷமாக சோலையம்மாளுக்கு ஜோடி இராமலட்சுமி மதினி. கடலில் கிடக்கும் கிழிந்த வலை காலைச் சுற்றினால் அறுப்பதற்கு இருவருக்கும் சேர்த்து ஒரு கத்தி. மதினி அதை நகத்தால் திறந்து நீட்டுவாள், இவள் வாங்கி அறுப்பாள். போன பொங்கல் முடிந்த மறுவாரம் மதினி மகனோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள். கத்தியை இவளிடமே கொடுத்துவிட்டுப் போனாள்.

மற்றவர்கள் எல்லாம் ஏற்கெனவே ஜோடி சேர்ந்தவர்கள். "ரெண்டு பேரு நிக்கிற எடத்துல மூணாவதா போயி நின்னா, அவுக பேச்சு நின்னு போகுது" என்று சோலையம்மாள் தள்ளிப் போய்த் தனியாகவே இறங்க ஆரம்பித்தாள். மதினி போனில் கேட்டபோது, "பூமயிலு கூட வாரா, நீங்க கவலப்படாதிய" என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்தாள். பாவம், மதினி ஊரைவிட்டுப் போன கொஞ்ச நாளிலேயே பூமயில் இடுப்பு வலியால் கடலில் இறங்குவதை விட்டுவிட்டாள்.

புரட்டாசியில் ஒரு நாள் தண்ணீருக்குள் வலை காலைக் கவ்விவிட்டது. நீர் இழுத்த இழுப்பில் வலது கை பாறையைப் பிடித்திருந்தது. அதை விட்டால் ஆள் போச்சு. இடது கையில் கத்தி. நகம் கொடுத்து இரண்டு கையால் திறக்கிற கத்தி அது, ஒரு கைக்கு அசையவில்லை. கடைசியில் பல்லால் கடித்துத் திறந்தாள். "பல்லுல ஒரு துண்டு போச்சு. காலு வந்துருச்சு" என்று இப்போது சாதாரணமாகச் சொல்கிறாள். அன்று கரையில் அவள் வாயில் ரத்தம் ஏன் என்று கேட்க ஒரு ஆள் இல்லை. செத்துப் பிழைத்ததற்குக்கூட அழாதவள் அதற்கு அழுதாள்.

அதற்குப் பிறகுதான் ஒரு கையால் திறக்கிற கத்தி தேடினாள். அலகின் அடியில் சின்னக் குமிழ் இருக்கும், பெருவிரலால் தள்ளினால் திறந்துகொள்ளும். கடையில் வலது கையில் வாங்கி, வலது கையாலேயே தள்ளிப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு திறந்தது. வீட்டுக்கு வந்து இடது கையில் பிடித்தால் குமிழ் மற்ற விரல்களின் பக்கம் போய் ஒளிந்துகொண்டது. பெருவிரலுக்கு வெறும் இரும்புதான் தட்டியது. கத்தி கோளாறு என்று இன்னொன்று வாங்கினாள். அதையும் மரியாதையாக வலது கையிலேதான் சோதித்தாள். இப்படியும் ஒருத்தி ஏமாறுவாளா என்று நாம் கேட்கலாம். கேட்டால் அவளே சிரிப்பாள்.

போன வாரம் ராமநாதபுரத்தில், பூட்டும் கத்தியும் விற்கிற ஒரு கடை. அப்துல் அஜீஸ் பாய் அப்போதுதான் கதவைத் திறந்திருந்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்.

"பீச்சாங்கையில தொறக்குற மாதிரி ஒரு கத்தி வேணும், பாய்."

"பிஸ்மி சொல்லி இப்பத்தேன் தொறந்துருக்கேன். மொத யாவாரம்மா, சோத்துக்கையில வாங்கிப் பாரு."

"தண்ணிக்குள்ள சோத்துக்கை பாறையப் புடிச்சிருக்கும். அத விட்டா நான் போயிருவேன்."

பாய் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். அவள் வலது கையால் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடி, மூச்சை அடக்கி, இடது கையை நீட்டினாள். அவர் வைத்த மூன்று கத்திகளும் மூச்சு முடிவதற்குள் திறக்கவில்லை. பாய் உள்ளே போய் ஒரு டப்பாவோடு வந்தார். அந்தக் கத்திக்கு அலகின் இரண்டு பக்கமும் குமிழ், மடக்குவதற்கான பூட்டு முதுகில். எந்தக் கைக்கும் ஒன்றுதான். டக்கென்று திறந்தது. மடக்கி, மறுபடி மூச்சடக்கித் திறந்தாள். ஆறு தடவை. ஆறாவது தடவை பாய்தான் முதலில் மூச்சு விட்டார்.

"கூட ஆளு இல்லாமலா முங்குற?"

"அதுக்குத்தான பாய் கத்தி" என்றாள்.

சாயல்குடி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது சந்தோஷம் தாங்காமல் மதினிக்குப் போன் போட்டாள். திருப்பூர் கம்பெனியில் காலை டீ நேரம். போனை வலது கையால் காதில் வைத்துக்கொண்டு, இடது கையால் கத்தியைத் திறந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பையை எடுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

"என்ன சோலை, டக்குனு சத்தம்?"

"புதுக் கத்தி மதினி. ஒத்தக் கையிலயே தொறக்குது. நீங்க இல்லாமலே தொறந்துட்டேன், பாத்தியளா?"

மதினி சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"பூமயிலு கூட வாரானு சொன்ன. அவ தொறந்து குடுக்க மாட்டாளாக்கும்?"

சோலையம்மாளுக்கு இந்தத் தடவை பொய் வரவில்லை.

"ஏய் சோலை. தனியாவா முங்குற?"

போனைக் காதிலிருந்து எடுத்தாள். அணைக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டாள். கத்தியை மடக்கினாள், திறந்தாள், மறுபடி மடக்கினாள். மடியில் போன் அவள் பேரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.