சரி, வா

பூமி சுற்றுவதே அத்தை மைக்கில் "போ" என்று சொன்னதால்தான். அவர் தும்மினால் ஊரில் பாதி டாக்ஸி திரும்பி நிற்கும்; இருமினால் விமானம் காத்திருக்கும். டாக்ஸி ஆபீஸில் அந்தப் பிய்ந்த நாற்காலியில் உட்கார்ந்து வண்டிகளை அனுப்பியே தலை நரைத்தவர்.

காதில் ஒரு கோளாறும் இல்லை. சொற்கள் ஒவ்வொன்றும் ஒழுங்காகத்தான் போய்ச் சேர்ந்தன. ஆனால் அறுபதைத் தாண்டியபின், வாக்கியம் பாதி வருவதற்குள்ளேயே எப்போதோ கேட்ட பழைய வாக்கியம் ஒன்றை எடுத்து மனசு மீதியை நிரப்பிவிடும். இதை முதலில் மோப்பம் பிடித்தவன் அவருடைய அண்ணன் மகன், அங்கேயே டிரைவராக இருந்த ஒட்டடைக்குச்சி.

"அத்தை, ஸ்டேஷன்ல ஆளை இறக்கிட்டேன், வண்டியைத் துவைச்சுக் கொடியில காயப்போட்டுட்டுக் கிளம்புறேன்."

"சரி, வா."

ரேடியோவில் கேட்ட டிரைவர்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்புறம் ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். ஒருவன் பாலத்தைச் சுருட்டி டிக்கியில் வைத்தான். இன்னொருவன் பயணியை நாலாக வெட்டி நாலு வீட்டில் இறக்கினான். எல்லாவற்றுக்கும் "சரி, வா"தான்.

விஷயம் முதலாளி காதுக்குப் போயிற்று. "நாளைக்கு என் எதிர்ல நீயே பேசு. அந்தம்மாவுக்குப் புரியலைன்னா வேற ஆளை உட்கார வச்சிடுறேன்" என்றார் ஒட்டடைக்குச்சியிடம். அந்த நாற்காலி போனால் அத்தைக்கு மிச்சம் வீட்டு டிவியும் மருமகளும்தான். இரண்டும் அவர் பேச்சைக் கேட்பதில்லை.

மறுநாள் முதலாளி அத்தை பக்கத்தில் நின்றார். வாசலில் வண்டிக்குள் இருந்தபடி, ஒட்டடைக்குச்சி சொல்லுக்குச் சொல் இடம் விட்டுப் பேசினான்.

"அத்தை. ஆஸ்பத்திரியில. ஆளை ஏத்திட்டேன். வழியில. டயர் மாத்தணும்."

"மாத்திட்டு வா. லேட்டாகும்னு அவங்க வீட்டுக்குச் சொல்லிடுறேன்."

முதலாளி தலையாட்டிவிட்டுத் திரும்பினார். ஒட்டடைக்குச்சிக்குப் போன மூச்சு வந்தது.

"இருங்க மொதலாளி. பொறந்ததுல இருந்து இவன் இப்படிப் பேசினதில்ல" என்றார் அத்தை. மைக் திறந்தே இருந்தது. "டேய், எப்பவும் போல பேசு."

"விடு அத்தை."

"பேசுடா."

முதலாளி ஜன்னல் கண்ணாடி வழியாக அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசினான். எப்போதும் போல.

"மார்க்கெட்ல ஆளை இறக்கிட்டேன், ரோட்டை மடிச்சுப் பரண்ல வச்சிட்டுக் கிளம்புறேன்."

"சரி, வா."

இந்தத் தடவை எந்த வண்டியிலும் யாரும் சிரிக்கவில்லை. அத்தை முதலாளியின் முகத்தைப் பார்த்தார். நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்து மடித்துப் பையில் வைத்தார். மைக்கை அணைக்குமுன் குனிந்தார்.

"மெதுவாவும் பேசத் தெரியும் உனக்கு. அதை ஏன்டா இத்தனை நாளா பேசல?"