வெறுங்காலுக்குத் தெரிந்த மாடி

சில வருடங்களுக்கு முன், பல்கலைக்கழகப் பயிற்சிக்காகப் பிரான்சில் ஒரு சிறிய ஊரில் இருந்தபோது நடந்தது இது. நான் மலேசியாவில் புக்கிட் பெலிம்பிங்கைச் சேர்ந்தவள். அப்பாவும் அம்மாவும் செம்பனைத் தோட்டத் தொழிலாளர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளியை முடித்து, கட்டடக்கலை படிக்கப் போன முதல் ஆள் நான்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை உண்டு.

அந்த ஊரில், ஐந்நூறு வருடத்துக்கும் மேல் பழமையான ஒரு வணிகர் வீட்டைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே கல்லால் கட்டிய கடை. மேலே ஓக் மரச் சட்டங்களுக்கு நடுவே மண்ணும் வைக்கோலும் அடைத்த சுவர்கள். மறுநாள் ஊர்மக்களை மாடிக் கூடத்துக்கு அழைத்து வேலையைக் காட்டுவதாக ஏற்பாடு.

அன்று மாலை அளவெடுக்க மாடிக்குப் போனபோது படியிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். யாருடைய வீடானாலும் அப்படியே உள்ளே நுழைய எனக்கு வராது. கூட வேலை செய்த யாழ்ப்பாணத்துக் கொத்தனார் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்ன தங்கச்சி, இது கோயிலே? ஆணி கீணி குத்தினா ஆர் பதில் சொல்லுறது?"

"பழக்கம்ணே, விடுங்க லா."

சன்னலோரம் நடக்கும்போது ஒரு பலகை மட்டும் சில்லென்றிருந்தது. மிதித்தால் லேசாக அமுங்கி, மெதுவாக எழுந்தது. பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் எங்கள் பலகை வீட்டில் அடியில் உளுத்த இடம் காலுக்கு இப்படித்தான் இருக்கும்.

மேற்பார்வையாளரை அழைத்தேன். கனத்த சப்பாத்தோடு வந்து மிதித்துப் பார்த்தார். "எல்லாம் சோதித்தாயிற்று. முதலில் காலில் எதையாவது போடு" என்றார். பெயர்த்தால் பழைய பலகை உடைந்துவிடும் என்ற பயம் அவருக்கு. எனக்கோ மறுநாள் அங்கே நிற்கப்போகிறவர்களை நினைத்துப் பயம். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, திறந்து பார்க்கும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று அரைகுறை பிரெஞ்சில் சொன்னேன்.

"ஊரிலயும் இப்பிடித்தான் பிடிவாதமோ?" என்று அண்ணன் காதருகே கேட்டார்.

"எங்கம்மாவ நீங்க பாக்கலண்ணே. நானெல்லாம் ஒன்னுமே இல்ல."

அவர் சிரித்துவிட்டார். உடையாமல் எடுப்பது தன் பொறுப்பு என்று மேற்பார்வையாளரிடம் பேசி, ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

அடியில் இருந்த உத்தரம், சுவருக்குள் நுழையும் முனையில், கையால் பிய்க்கலாம்போல அழுகியிருந்தது. எப்போதோ வெளிப்பக்கம் பூசிய சிமெண்டு, ஈரத்தை வெளியே விடாமல் உள்ளேயே அடைத்து வைத்திருந்தது. மேற்பார்வையாளர் கீழே போய் மறுநாள் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு வந்தார். பிறகு அழுகிய முனையை மட்டும் வெட்டிப் புது ஓக் துண்டைப் பொருத்தினோம். சிமெண்டைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு பூசினோம். அந்த இணைப்புக்கு வரைபடம் போட்டது நான்.

இப்போது கோலா சிலாங்கூரில் பழைய கடைவீடுகளை ஆய்வு செய்கிறேன். என்னைவிடப் பெரியவர்கள் சுற்றி நின்று "அதெல்லாம் பாத்தாச்சும்மா" என்று சொல்லும்போது, அன்று அந்தக் கூடத்தில் நான் எழுந்து போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு கணம் நினைத்துக்கொள்வேன். பிறகு, திறந்து காட்டுங்கள் என்று இன்னொரு முறை கேட்பேன்.