கழுவாத கால்

குச்சிக்கிழங்குக் காட்டில், அதாவது மரவள்ளித் தோட்டத்தில், வெட்டிவிட்ட குச்சியின் அடிக்கட்டை என் வலது பாதத்தில் ஏறியது. பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்த்தேன். காயமும் ஆறியது. நான்கு மாதம் கழித்து அதே இடம் வீங்கியது. வலியே இல்லை. வலித்திருந்தால் அன்றே ஓடியிருப்பேன்.

பிறகு சின்னச் சின்னத் துளைகள் விழுந்து சீழ் கசிந்தது. அதில் ரவை போல மணி மணியாக ஏதோ வரும். சீ என்று துடைத்து எறிவேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளெல்லாம் வெந்நீரில் தேய்த்துக் கழுவி, புதுத் துணி கட்டி, விசேஷத்துக்குப் போகிறவளைப் போலப் போவேன். டாக்டர் தொடுகிற கால், நாறலாமா?

சர்க்கரை இல்லை என்றார்கள். எத்தனையோ மாத்திரை தந்தார்கள். ஆறவில்லை. கடைசியில் ஒரு அறுவை மருத்துவர், "பாதத்துல முன்பாதிய எடுத்துட்டா நல்லதும்மா" என்றார்.

"எடுத்து நீங்க என்னங்க பண்ணுவீங்க? எங்கிட்ட இருந்தா நடக்கவாச்சும் ஆவும்" என்றேன். என் வீட்டுக்காரர் கையைக் கிள்ளினார். வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அதையும் மறைக்க மாட்டேன்.

மறுநாள் தருமபுரியில் வேறொரு தோல் மருத்துவரைப் பார்க்கலாம் என்றார் வீட்டுக்காரர். காட்டிலிருந்து அப்படியே கிளம்பினேன்.

"காலக் கழுவிட்டு வா, பஸ்ஸுக்கு நேரம் இருக்குது."

"வெட்டப்போற காலுக்கு என்னங்க குளிப்பு?"

அந்தப் பெண் மருத்துவர் கட்டைப் பிரித்தார். துணியெங்கும் ரவை.

"மன்னிச்சுக்குங்க, கழுவாம வந்துட்டன்."

"இது எத்தன நாளா வருது?"

"ஆரம்பத்துல இருந்தேங்க. தொடச்சிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவன்."

"அட போங்கம்மா! இதத்தான நாங்க தேடறோம்!"

அந்த மணிகளே கிருமிக் கூட்டமாம். பரிசோதனையில் நோக்கார்டியா (மண்ணில் வாழும் பாக்டீரியா, காயம் வழியே புகுந்து மெல்லப் பெருகும், அரிதாகத்தான் பிடிக்கும்) என்று வந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு தப்பியிருந்தது. கால் எனக்குத்தான் என்றார் மருத்துவர்.

ஊசி, மாத்திரை, மாதக்கணக்கில். குமட்டும், வாய் கசக்கும். வீம்புக்கு விழுங்கினேன், ஒரு வேளையும் விடவில்லை.

உங்களுக்கும் ஆறாத புண் இருக்கிறதா? தினமும் கழுவுங்கள். ஆனால் டாக்டரைப் பார்க்கப் போகும்போது பழைய கட்டுத் துணியைக் கையோடு கொண்டுபோங்கள். அங்கே போய் வெட்கப்படாதீர்கள்.

முன்பு எனக்குக் கால் இருக்கிற நினைப்பே கிடையாது. இப்போது தினமும் மடியில் தூக்கி வைத்து ஒவ்வொரு தழும்பாக அழுத்திப் பார்க்கிறேன். எல்லாம் காய்ந்துவிட்டன. வீக்கம் மட்டும் கொஞ்சம் அப்படியே தங்கிவிட்டது.

போன வாரம் மறுபடி குச்சி நட்டோம். பிடுங்கப் பத்து மாதம் ஆகும். அத்தனை தூரம் யோசிக்க இப்போதுதான் தைரியம் வந்திருக்கிறது. கம்பைநல்லூரில் பூட்ஸ் வாங்கப் போனேன். வலது காலுக்குப் பொருந்தியது இடது காலில் லொடலொடவென்று ஆடியது.

"இது பெருசா இருக்குதுங்களே" என்றார் கடைக்காரர்.

"இருக்கட்டுங்க, ஜோடியாவே குடுங்க" என்றேன்.