மாடன் பார்த்த வாசல்

மகாராஜன் தொட்டி மேல் ஏறிவிட்டால் அன்றைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. நாணல்குறிச்சிப் பெண்கள் இதைத் திட்டாகவும் சொல்வார்கள், சிரித்துக்கொண்டும் சொல்வார்கள். ஊராட்சியின் குடிநீர்த் தொட்டி அவர் பொறுப்பு. ஆற்றங்கரைக் கிணற்றில் மோட்டாரைப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே நிற்கும் தொட்டி நிறைகிறதா என்று பார்க்க ஏணியில் ஏறுவார். ஏறினால் மேற்கே பொதிகை மலை நீலமாகக் கிடக்கும். அதன் தோளில் மேகம் படுத்திருக்கும். கீழே வயல்களுக்கு நடுவே தாமிரபரணி வெயிலை வாங்கிக்கொண்டு பையப் போய்க்கொண்டிருக்கும். மனுஷன் அதைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவார். தொட்டி நிரம்பி வழிந்து, அடியில் கட்டியிருக்கும் யாருடைய ஆட்டையாவது நனைத்து, அது கத்தினால்தான் இந்த உலகத்துக்குத் திரும்புவார்.

இருந்த இடத்திலேயே இப்படிக் காணாமல் போவது சின்ன வயதிலேயே வந்த பழக்கம். அதனால்தானோ என்னவோ, ஊரில் இத்தனை பேர் இருக்க, காவல் தெய்வமான சுடலைமாடன் இவர் மேல் வந்து இறங்கினார். வருஷம் முழுக்கத் தொட்டிக்காரர். ஆடிக் கடைசி வெள்ளியில் நடக்கும் கோயில் திருவிழாவான கொடையில் மட்டும் சாமியாடி. மேளம் ஒரு கதியைத் தொட்டதும் காலுக்குக் கீழே மண் பஞ்சாகும், காதுக்குள் ஆறு இரையும், அப்புறம் ஒன்றும் நினைவிருக்காது. கண் திறக்கும்போது யாராவது துண்டால் விசிறிக்கொண்டிருப்பார்கள். சாமி என்ன சொன்னது என்பதை மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்வார். அந்த நேரத்துக்குத் தான் ஊரிலேயே இல்லாத ஆள் என்பார். அவர் மனைவி பேரும் சுடலைவடிவு. வீட்டிலும் வெளியிலும் அவருக்கு ஒரே சாமிதான் என்று கேலி செய்யாத ஆள் ஊரில் கிடையாது.

அந்த ஊருக்குத் துணை சுகாதார நிலையம் ஒன்று வந்தது. அதற்கு முன்னால் பிள்ளைத்தாய்ச்சிகளும் கைக்குழந்தைக்காரிகளும் எதற்கெடுத்தாலும் அம்பாசமுத்திரத்துக்கு பஸ் ஏற வேண்டும். ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று கண்டக்டரிடம் கேட்டாலும் சிரிப்பார். மகாராஜனின் மகள் முத்துராணியின் முதல் பிள்ளை அப்படித்தான் போயிற்று. ஏழாம் மாதம் அவளுக்குக் கால் வீங்கியது. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளிப்போட்டார்கள். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தபோது வயிற்றில் அசைவு நின்றுபோயிருந்தது. அதற்கப்புறம் கொஞ்ச காலம் மகாராஜன் தொட்டி மேலிருந்து மலையைப் பார்க்கவில்லை. பஸ் வரும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே கிராம சபைக் கூட்டத்தில் ஊராட்சித் தலைவர் செந்தில்முருகன் சுகாதார நிலையத்துக்கு இடம் கேட்டபோது முதலில் கை தூக்கியவர் மகாராஜன்தான். ஆக்கிரமிப்பு இல்லாத புறம்போக்கு ஊரில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. சுடலைமாடன் கோயிலுக்கு எதிரே, வாய்க்கால் கரையில். மாடன் கண்ணுக்கு முன்னால் வேலி போட யாருக்குத் துணிச்சல் வரும்? எல்லோரும் கை தூக்கினார்கள், தீர்மானம் நிறைவேறியது. கட்டடமும் வளர்ந்தது. மஞ்சள் சுவர், நீலக் கதவு, முன்னால் அகலமான படி. திறப்பு விழாவில் ரிப்பனை வெட்டி, கைதட்டி, வந்த வழியே திரும்பியபோதுதான் ஊருக்கு உறைத்தது. நீலக் கதவு நேராக மாடன் பீடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அங்கே கோபுரமும் கூரையும் கிடையாது. வெட்டவெளியில் ஆள் உயரத்துக்குச் சுண்ணாம்பு அடித்த ஒரு பீடம், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பீடத்தின் பார்வையில் பிள்ளைத்தாய்ச்சியும் பச்சைப்பிள்ளையும் குறுக்கே போகக் கூடாது. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்பதால்தான் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மற்றவர்கள் யோசிக்காமலா இருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு கை தூக்கியிருந்தார்கள், சாமியாடி உட்பட. கதவைப் பின்பக்கம் வைக்கலாம் என்றால் அங்கே வாய்க்கால். பீடத்தை நகர்த்தலாம் என்று சொல்ல எந்த நாக்கும் எழவில்லை.

ஆண்களும் வயசாளிகளும் மாத்திரைக்கு வந்தார்கள். யாருக்காகக் கட்டியதோ அவர்கள் மட்டும் வரவில்லை. புதன்கிழமைதோறும் நர்ஸ் ஸ்வீட்லின் தடுப்பூசி மருந்துக் குளிர்ப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பாள். பாளையங்கோட்டைப் பெண், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் வேதக்காரக் குடும்பம், அதிர்ந்து பேசத் தெரியாது. வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டாள். வாரோம் நர்சம்மா என்று முகம் மலரச் சொல்லிவிட்டு, அவர்கள் பஸ் ஏறிப் போனார்கள். பெட்டி வந்தபடியே திரும்பிப் போனது.

அந்த அமைதிக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்தவர் மகாராஜன். இடது தோள் இறுகிப்போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இப்படி வரும் என்று ஸ்வீட்லின் சொல்லியிருந்தாள். சுவரைப் பார்த்து நின்று, விரல்களை நண்டு ஊர்வது போல மேலே ஏற்றிக்கொண்டு போக வேண்டும். எட்டிய இடத்தில் அவள் பென்சிலால் ஒரு கோடு போடுவாள். கோடு காது உயரத்தைத் தாண்டியதே இல்லை. ஏணி பிடிக்கவும் வால்வு திருகவும் வலது கைதான். ஜன்னலுக்கு வெளியே வாய்க்கால் தண்ணீர் சலசலக்க, நண்டை விட்டுவிட்டு அவர் எங்கேயோ போய்விடுவார். அவள் தொண்டையைக் கனைப்பாள்.

ஆடி மாதம் ஒரு புதன்கிழமை அப்படி நின்றுகொண்டிருந்தபோதுதான் அவள் அந்தச் சேதியைச் சொன்னாள். பிள்ளைத்தாய்ச்சி வராத நிலையத்துக்கு நர்ஸ் எதற்கு என்று மேலே கேட்கிறார்களாம். கொடை முடிந்து ஆவணி பிறந்ததும் அவளை வேறு ஊருக்குப் போட்டுவிடுவார்கள். மகாராஜனின் விரல்கள் சுவரிலேயே நின்றன. முத்துராணி இரண்டாவது பிள்ளை பெற்று அப்பா வீட்டில் இருந்தாள். ஆண் பிள்ளை. அவனுக்கு நாற்பத்தைந்தாம் நாள் ஊசி போடும் நேரம் வந்துகொண்டிருந்தது. நர்ஸ் போனால் நீலக் கதவுக்குப் பூட்டு. மறுபடியும் பஸ். மறுபடியும் நாளைக்குப் போகலாம்.

செந்தில்முருகன் கெட்டவர் இல்லை. எந்தச் சிக்கலிலும் குறுக்கு வழிதான் அவர் கண்ணில் முதலில் படும், அவ்வளவுதான். கொடைக்குப் பந்தக்கால் நாட்டிய அன்று மோட்டார் அறைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அண்ணாச்சி, கொடையில ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நான் காவலுக்கு இருக்கேன், பயப்படாம வாங்கன்னு. ஊரு பூரா கேக்கும்.”

“நான் எப்படிச் சொல்லுதது தம்பி? அவரு வந்தா அவருல்லா சொல்லணும்.”

“சொன்னது அவரா நீங்களான்னு யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியுமே.”

தலைவர் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போனார். வீட்டில் சுடலைவடிவு பொய் சொல்லச் சொல்லவில்லை. பேரப்பிள்ளை முகத்தை ஒருதரம் பார்த்துக்கிட்டுப் போங்க என்று மட்டும் சொன்னாள். அதுவும் ஏறக்குறைய அதேதான்.

விரதம் இருந்த நாட்களில் மலைப் பக்கமிருந்து சாரல் விழுந்துகொண்டே இருந்தது. வெயிலும் கூடவே அடித்தது. மோட்டார் அறை வாசலில் சாய்ந்திருந்தவருக்குக் கண் செருகியது. கனவில் தாமிரபரணி கரையைத் தாண்டி ஊருக்குள் வந்தது. யார் வீட்டையும் நனைக்காமல் தெருத் தெருவாக நடந்து, சுகாதார நிலையத்துப் படியில் ஏறி உட்கார்ந்துகொண்டது, யாருக்கோ காத்திருக்கிற மாதிரி. உள்ளே வரச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு இருந்தது. வாய் வரவில்லை. விழித்தபோது தொட்டி வழிந்து வாசலெல்லாம் தண்ணீர்.

கொடை வந்தது. மதியக்கொடைக்கு ஊரே கூடி நின்றது. சாமியாடி உடுத்தும், சலங்கை கட்டிய சல்லடத்தை இடுப்பில் கட்டி, மாடனின் ஈட்டியான வல்லயத்தை வலது கையில் கொடுத்தார்கள். மேளம் தொடங்கியது, ஏறியது, அந்தக் கதியைத் தொட்டது, தாண்டியும் போனது. மகாராஜன் விழித்துக்கொண்டே நின்றார். காலடியில் மண் மண்ணாகவே இருந்தது. யாருடைய செல்போனோ அடித்தது, அதுகூடக் கேட்டது. கூட்டத்தில் செந்தில்முருகன் கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில், பார்வைக்கு ஒதுக்குப்புறமாக, மருத மரத்தடியில் கைக்குழந்தைக்காரிகள் நின்றார்கள். அவர்களுக்குள் முத்துராணி, தோளில் துண்டு சுற்றிய பிள்ளையோடு. சாரல் அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

சாமி வரவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வரவில்லை. வந்ததாகச் சொல்லிவிடலாம், வாயைத் திறந்தால் போதும். அவர் வாயைத் திறக்கவில்லை. வல்லயத்தைப் பீடத்தில் சாய்த்துவிட்டு நடந்தார். கூட்டம் விலகியது. மருத மரத்தடிக்குப் போய் மகள் முன்னால் வலது கையை நீட்டினார். முத்துராணி அவர் முகத்தைப் பார்த்தாள். அப்பாவின் முகத்துக்கும் சாமியின் முகத்துக்கும் வித்தியாசம் தெரியாதவளா அவள்?

“எப்பா,” என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. வந்து நிற்பது அப்பாதான் என்று தெரிந்தும் பிள்ளையைக் கொடுத்தாள்.

வலது கையில் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மகாராஜன் திரும்பினார். மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். பீடத்துக்கும் நீலக் கதவுக்கும் நடுவே இருக்கிற அந்த வெட்டவெளியில், மாடனின் முழுப் பார்வையில், ஒரு பச்சைப்பிள்ளையோடு நடந்தார். அவரோடு வந்தது பயம்தான், வேறொன்றும் இல்லை. அடிக்கதுன்னா என்னைய அடியும், இவனை விட்ரும் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே போனார். படியில் முதல் காலை வைத்தார். அந்த இடத்தில் படி பஞ்சானது. காதுக்குள் ஆறு இரைந்தது.

கண் திறந்தபோது நிலையத்துக்குள் சிமெண்டுத் தரையில் கிடந்தார். ஸ்வீட்லின் ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் முத்துராணி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். படியிலும் வாசலிலும் மருத மரத்தடிப் பெண்கள் அத்தனை பேரும் நின்றார்கள். சாமி என்ன சொன்னது என்று அவர் கேட்கவில்லை. அவர்களாகவே சொன்னார்கள். தலைவர் சொல்லிக்கொடுத்த வார்த்தையில் ஒன்றுகூட அதில் இல்லை. படியில் நின்று சாமி தலைவரைத்தான் பேர் சொல்லிக் கூப்பிட்டதாம்.

“லே செந்திலு, எங்கிட்ட வார புள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணி எங்கல? மழைக்கு ஒதுங்க ஒரு கூரை எங்கல?”

கொடை நடத்துகிற தலைவரைச் சாமி பிடித்து உலுக்குவது ஊருக்குப் புதுசில்லை. ஆனால் குழாய் கேட்டு உலுக்கியது இதுதான் முதல் தடவை. அடுத்த ஊராட்சிக் கூட்டத்திலேயே குடிநீர்க் குழாயும் நிழற்கூரையும் தீர்மானமாயின. பொதுமக்கள் கோரிக்கையை ஏற்று என்றுதான் எழுதினார்கள். வேறு எப்படி எழுதுவது? அடுத்த புதன்கிழமை பெண்கள் வந்தார்கள். எங்கிட்ட வார புள்ளைக என்று அவரே சொன்ன பிறகு வராமல் இருப்பார்களா? முதலில் பீடத்துக்குப் பிள்ளையைக் காட்டிவிட்டு, மஞ்சணையைத் தொட்டு நெற்றியில் வைத்துவிட்டு, அப்படியே நேரே நடந்து ஊசிக்கு வந்தார்கள். குளிர்ப்பெட்டி காலியாகத் திரும்பியது. ஸ்வீட்லினை மாற்றும் பேச்சு அதோடு நின்றது.

மகாராஜனுக்கு மட்டும் நிம்மதி இல்லை. காலில் விழ வந்தவர்களைக் கண்டு ஒதுங்கிப் போனார். பாதி வழி அவர் நடந்தது அவருக்குத் தெரியும். மீதியும் அவரேயாக இருந்தால்? ஆசை முற்றிப்போய்த் தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தால்? அடுத்த ஆடியில் எந்த முகத்தோடு பீடத்தின் முன்னால் நிற்பது? ஊரில் பாதிப்பேர் அன்றைக்கு நடந்ததைச் செல்போனில் எடுத்து வைத்திருந்தார்கள். யார் காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தன் முகத்தைத் தானே பார்த்துவிடுவோமோ என்ற பயம்.

பேரனுக்கு அடுத்த ஊசி போடுகிற புதன்கிழமை, நிலையத்துப் புதுக் குழாயில் முதல் தண்ணீரை அவரே திறந்துவிட்டார். ஊசி போட்ட அழுகை அடங்கி, முத்துராணி பிள்ளையோடு வந்து புதுக் கூரைக்குக் கீழே அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எப்பா, அன்னைக்கு எங்கையில இருந்து வாங்குனது நீங்கதான். எனக்குத் தெரியும்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சரி, இதையும் பார்த்துருங்க என்று அவள் செல்போனை அவர் முழங்கால் மேல் வைத்தாள். இந்தத் தடவை அவரால் திரும்பிக்கொள்ள முடியவில்லை. படியின் மேல் அவர் நின்றிருந்தார். சாரல் பெய்துகொண்டிருந்தது. பீடத்தைப் பார்த்துப் பிள்ளையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே, இரண்டு கையும் நேராக நீட்டி, இடது கையும் வலது கையும் ஒரே உயரத்தில்.

அவர் அதை மறுபடி பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய், சுவரைப் பார்த்து நின்று, இடது கை விரல்களை நண்டு மாதிரி மேலே ஏற்றினார். பழைய பென்சில் கோட்டில் வந்து நின்றன. எக்கிப் பார்த்தார், பல்லைக் கடித்துப் பார்த்தார். அதற்கு மேல் ஒரு நூல்கூட நகரவில்லை.

ஸ்வீட்லின் பெட்டியை மூடிக்கொண்டே, ஏதாவது ஏறுகிறதா அண்ணாச்சி என்று கேட்டாள். மகாராஜனுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.

“இல்ல நர்சம்மா,” என்றார். “ஏறவே இல்ல.”