யாரோ மாற்றிய கியர் ஆயில்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் வாடகைக் கார்கள் நிற்கும் முனையில் போய் அந்தப் பெயரைச் சொன்னால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். லெவல்காரர் என்றால்தான் தெரியும். எந்த வண்டி என்ன சத்தம் போட்டாலும் முதலில், "கியர் ஆயில் லெவல் பாத்தியா?" என்று கேட்பார். பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு டிரைவரிடமும் அதையே கேட்டார் என்று ஒரு கதை உலவுகிறது. அது பொய் என்று அவரும் சொன்னதில்லை.

வாழ்நாளில் பாதிக்கு மேல் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கழித்தவர். என்ஜின் ஆயிலை எல்லாரும் மாற்றுகிறார்கள், கியர்பாக்ஸ் என்று ஒன்று இருப்பதே அது உடையும்போதுதான் இவன்களுக்குத் தெரிகிறது என்று மூக்குக்கு மேல் கோபம் வரும். மாற்றுகிறவர்களாவது ஒழுங்காக மாற்றுகிறார்களா என்றால் அதுவும் இல்லை. கடைக்காரன் எடுத்துக் கொடுத்ததை வாங்கி ஊற்றிவிடுவார்கள். ஜிஎல் நாலு, ஜிஎல் அஞ்சு என்று அதில் இரண்டு ரகம் உண்டு. நாலைவிட அஞ்சு பெரிய எண்தானே, அதுதான் ஒசத்தி என்று நினைப்பார்கள். அஞ்சு பின் அச்சுக்கு உரியது. காரமான மருந்து கலந்தது, மூடியைத் திறந்தாலே கந்தக நாற்றம் குடலைப் புரட்டும். அவருடையதைப் போன்ற பழைய கியர்பாக்ஸுக்குள் பித்தளை வளையங்கள் இருக்கும். ஒரு கியரிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது, சுற்றுகிற பற்களைப் பிடித்து நிதானப்படுத்தி உள்ளே அனுப்புவது அந்த வளையங்கள்தான். அஞ்சை ஊற்றினால் அது அந்தப் பித்தளையை அரித்துத் தின்றுவிடும்.

"பின் அச்சுக்கு மருந்து, கியர்பாக்ஸுக்கு வெஷம்டா அது," என்று டீ குடிக்கிற இடத்தில்கூட ஆரம்பித்துவிடுவார். அவர் தலை தெரிந்தாலே இரண்டு பேர் நழுவிவிடுவதும் உண்டு.

இப்போது முனையில் நின்று சவாரி பிடிப்பதை விட்டுவிட்டார். ஒரே ஒரு சவாரி மட்டும் மிச்சம். பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கும் தையல்காரம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று நாள் விடியற்காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். ஒரு நாள் தப்பினாலும் உடம்பு ஊதிவிடும். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் நீளமான ஒரு இறக்கம், இறக்கம் முடிகிற இடத்தில் கேட் இல்லாத ரயில் பாதை. அந்த இறக்கத்தை அவர் மூன்றாம் கியரில்தான் இறங்குவார். பிரேக்கை நம்பி இறங்குகிறவன் டிரைவரே இல்லை என்பது அவருடைய கட்சி.

அந்த மூன்றாம் கியர்தான் கொஞ்ச நாளாக முரண்டு பிடித்தது. போடும்போது 'கர்ர்' என்று ஒரு முனகல். இறக்கத்தில் ஒரு தரம் கியர் விழாமல் வண்டி சும்மா உருண்டபோது அவருக்குப் பகீர் என்றது. பின் சீட்டில் தையல்காரம்மா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். ஆயில் மாற்றி இரண்டு வருடமாவது இருக்கும், அடுத்த சவாரிக்குள் மாற்றிவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தார்.

வீட்டை ஒட்டிய ஷெட்டில், தரையில் அவரே வெட்டிக் கட்டிய குழி ஒன்று உண்டு. பலகைகளை எடுத்துவிட்டு அதற்கு மேலே காரை நிறுத்தி, கீழே இறங்கி நின்று வேலை செய்யலாம். வண்டி சமமாக நிற்பதால் லெவல் சரியாக இருக்கும். ஆயில் சூடாக இருந்தால்தான் அடியில் தங்கிய அழுக்கும் சேர்ந்து இறங்கும் என்பதால், மதியம் சாப்பிட்டுவிட்டு ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து வண்டியை நிறுத்தினார். வெளியே வெயில் கொளுத்தியது. குழிக்குள் மட்டும் எப்போதும் போல ஈரக் குளிர்.

முதலில் மேல் மூடியைத்தான் திறப்பார். அது ஆயில் ஊற்றும் வழி. அவசரக்குடுக்கைகள் அடி மூடியைத் திறந்து எல்லாவற்றையும் வடித்துவிட்டு, பிறகு மேல் மூடி துருப்பிடித்துத் திறக்காமல், காலி கியர்பாக்ஸை வைத்துக்கொண்டு திருதிருவென்று முழிப்பார்கள். இரண்டு வருடம் திறக்காத மூடி சுலபத்தில் அசையாது. ஸ்பானரின் பிடியில் நீளக் குழாய் ஒன்றைச் செருகி, உடம்பின் பாரத்தை எல்லாம் போட்டுத்தான் அசைக்க வேண்டும். குழாயைச் செருகி மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். மூடி வழுக்கிக்கொண்டு திரும்பியது. அந்த வேகத்தில் அவர் குழியின் சுவரில் போய் மோதிக்கொண்டார்.

"அட," என்றார் வாய்விட்டு.

விளக்கை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். மூடியின் ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு. மூடியை இறுக்கியதும் மனைவியின் நகப்பூச்சைத் தொட்டு, மூடியும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஒரு கோடு இழுப்பது அவர் பழக்கம். பிறகு யார் மூடியைத் திருகியிருந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு வருடப் புழுதியில் அந்தக் கோடு கறுத்துப்போய் இருக்க வேண்டும். இதுவோ நேற்று இழுத்தது போலப் பளபளவென்று இருந்தது. மூடிக்கு அடியில் இருந்த செப்பு வளையமும் புதிது.

யாரோ திறந்திருக்கிறார்கள். திறந்தவன் கோட்டையும் மறுபடி போட்டிருக்கிறான். அதுவும் இடமிருந்து வலமாக, முடிவில் லேசாகக் கீழே இழுத்து, அவர் போடுகிற மாதிரியே.

குழிக்குள் தன்னோடு இன்னொருவர் நிற்கிறார் என்ற நினைப்பு வந்து, அசட்டுத்தனம் என்று தெரிந்தும் திரும்பிப் பார்த்தார். சுவர்தான் இருந்தது. குழிச் சுவரை ஒட்டிய திட்டில் துணி ஒன்று நாலாக மடித்தபடி இருந்தது. அதை இன்று தான் வைத்தோமா, முன்பே இருந்ததா என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை.

அடி மூடியையும் திறந்தார். தார் போலக் கறுப்பாக வர வேண்டிய ஆயில், தேன் நிறத்தில் வந்தது. கூடவே அந்த நாற்றம் வந்தது. கந்தகம். அழுகிய முட்டையும் தீக்குச்சி மருந்தும் கலந்த வாடை. முழங்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஆயில் பிடித்த சட்டியை வெளிச்சத்தில் சாய்த்தார். ஆயிலுக்குள் பொன்தூள் மினுங்கியது. பித்தளை. மூன்றாம் கியரின் வளையம் கரைந்து வந்துகொண்டிருந்தது.

திருடன் வந்தால் டயரைக் கழற்றுவான், பேட்டரியைக் கழற்றுவான். குழிக்குள் இறங்கி, மேல் மூடியை முதலில் திறந்து, புது வளையம் போட்டு, லெவல் பார்த்து, கோடு இழுத்து, எல்லாவற்றையும் முறைப்படி செய்துவிட்டு விஷத்தை ஊற்றிவிட்டுப் போகிறவன் யார்? கியர்பாக்ஸின் புழுதிக்கு நடுவில் ஒரு இடம் மட்டும் துடைத்தது போலச் சுத்தமாக இருந்தது. இறுக்கும்போது அவர் இடது கையை ஊன்றிக்கொள்கிற இடம் அது. மெல்லக் கையைத் தூக்கி அதன்மேல் வைத்தார். சரியாகப் பொருந்தியது. சூடு பட்டது போலக் கையை எடுத்துக்கொண்டு, அவசர அவசரமாக மேலே ஏறினார்.

"இந்தாம்மா! இங்க வா!" என்று கத்தினார்.

மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வந்தார். ஷெட் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஷெட்டுக்குள்ள யாரு வந்தா?"

"யாருங்க வரப் போறா?"

"யாரோ வந்திருக்கான். எனக்குத் தெரியாம ஆயில் மாத்தியிருக்கான். அதுவும் அஞ்சு ஊத்தியிருக்கான். யாரு செஞ்சாலும் சரி, அவன் நல்லா இருக்க மாட்டான். இரு, வித்தியாசத்தக் காட்டறேன், நீயே மோந்து பாரு."

காலையில் வாங்கி வந்த டப்பா டிக்கியில் இருந்தது. எடுத்து, மூடியின் முத்திரையை உடைத்து மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டினார். மனைவி மூக்கைச் சுளிக்கவில்லை. அவர்தான் சுளித்தார். டப்பாவிலிருந்து அதே நாற்றம் வந்தது. திருப்பிப் பார்த்தார். பெரிய எழுத்தில் ஜிஎல் 5 என்று இருந்தது.

கடையில் நடந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கடைக்காரர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "உங்க வண்டிக்கு இதாண்ணே? நாலு தானே வாங்குவீங்க?" என்றார். "எனக்கே சொல்லித் தர்றியா?" என்று எகிறிவிட்டு வாங்கி வந்திருந்தார். அந்த நேரத்தில் அஞ்சுதான் சரி என்று அவ்வளவு உறுதியாகத் தெரிந்தது. ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த வாய் அது.

மனைவி ஷெட்டின் மூலைக்குப் போய், ஒரு சாக்கை விலக்கினார். அடியில் காலி ஆயில் டப்பாக்கள் கிடந்தன. இரண்டில் நாலு என்று இருந்தது. ஒன்றில் அஞ்சு.

"நீங்கதாங்க மாத்தினீங்க," என்றார். "நான்தான் டார்ச் பிடிச்சேன்."

"எப்ப?"

"இந்த வருஷத்துல இது நாலாவது தடவ. மொத தடவைக்கு அப்புறம் ஒவ்வொரு தடவயும் குழியிலருந்து மேல வந்து, யாரு வந்தான்னு என்னைக் கேப்பீங்க."

அவர் டப்பாவைக் கீழே வைத்தார். கார் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் பக்கவாட்டில் உட்கார்ந்தார்.

"ஏன் சொல்லல?"

"சொன்னேங்க. ரெண்டாவது தடவ கேட்டப்ப சொன்னேன். சின்னப் புள்ள மாதிரி அழுதீங்க. இனிமே ஓட்ட மாட்டேன்னு சாவியக் கையில குடுத்தீங்க. மறுநாள் காலைல எந்திரிச்சு, சாவி எங்கன்னு கேக்கறீங்க. ஒண்ணுமே ஞாபகம் இல்ல. மறுபடி சொல்லி மறுபடி அழ வைக்க என்னால முடியலங்க." மனைவி சாக்கை மறுபடி டப்பாக்கள்மேல் இழுத்துப் போட்டார். "டாக்டர்கிட்ட போலாம்னா சண்டைக்கு வர்றீங்க. நான் யாருகிட்டன்னு போய்ச் சொல்லுவேன்?"

அவருக்குப் பயமாக இருந்தது. வெளியிலிருந்து ஒருவன் வந்திருந்தால் பூட்டு போடலாம், போலீசுக்குப் போகலாம். தான் எங்கே போனாலும் இவன் கூடவே வருவான். இப்போது எல்லாம் தெளிவாகத் தெரிகிறது, ஆனால் இந்தத் தெளிவு எவ்வளவு நேரம் இருக்கும் என்று தெரியவில்லை. அதற்குள், மறக்காத ஒருவரிடம் இதைச் சொல்லி வைக்க வேண்டும். போனை எடுத்துத் தையல்காரம்மாவைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, நான்தான். நாளைக்குக் காலைல நான் வந்து ஹார்ன் அடிச்சா நீ வண்டில ஏறக்கூடாது. எனக்கு மூளை சரியில்லம்மா. நான் என்ன சொல்லிக் கூப்பிட்டாலும் ஏறாதே."

அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடுகிற சத்தம் நின்றது.

"முன்னாடியும் இதத்தான் சொன்னீங்கண்ணே," என்றார் தையல்காரம்மா. "இதே மாதிரி, இதே வார்த்தை."

"சொன்னேனா? அப்புறம்?"

"மறுநாள் வந்து ஹார்ன் அடிச்சீங்க. சிரிச்சுக்கிட்டே கதவத் தொறந்துவிட்டீங்க. நான் ஏறிட்டேன்."

"ஏம்மா ஏறுன?"

"எனக்கு வேற யாருண்ணே வருவா, அந்த நேரத்துக்கு? உங்க முகத்தப் பாத்து வராதீங்கன்னு சொல்லவும் மனசு வரல." பெருமூச்சு கேட்டது. "அன்னிக்கு எறக்கம் முடிஞ்சதும், தண்டவாளத்து மேலயே வண்டிய நிறுத்திட்டீங்க. திரும்பி என்னப் பாத்து, நாம எங்க போறோம்னு கேட்டீங்க. நான் நேரான்னு சொன்னேன். போனீங்க."

அவர் ஸ்டீயரிங்கைத் திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்கு ஏறாதம்மா," என்றார்.

"சரிண்ணே," என்றார் தையல்காரம்மா. அவ்வளவு சுலபமாக அதைச் சொன்னதிலேயே, ஏறிவிடுவார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

போனை மனைவியிடம் நீட்டினார். "உன் தம்பிக்குப் போடு. அவனோட இழுவை வண்டிய எடுத்துக்கிட்டு இப்பவே வரச் சொல்லு. இந்தக் காரக் கண்காணாத எடத்துக்குக் கொண்டு போகட்டும். தங்கச்சியையும் காலைல அவனே கூட்டிட்டுப் போகட்டும்."

"நாளைக்கு நீங்க கேட்டா நான் என்னங்க சொல்லுவேன்?"

"என்ன வேணும்னாலும் சொல்லு. திருடு போச்சுன்னு சொல்லு. மொதல்ல கூப்பிடு."

மனைவி போனில் எண்ணைத் தேடினார். கண்ணீரில் எழுத்து தெரியாமல், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தேடினார். அவர் எழுந்து குழியின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். ஆயில் வடிந்து முடிந்திருந்தது. தம்பி எடுக்கவில்லை போலிருக்கிறது, மணி அடிக்கிற ஓசை மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது.

ஏதோ உறுத்தியதும் குனிந்து பார்த்தார். தான் எப்போது குழிக்குள் இறங்கினோம் என்று அவருக்குத் தெரியவில்லை. அவருடைய வலது கையில் அடி மூடி இருந்தது. இடது கை நாலாக மடித்த துணியால், மூடியின் மரையில் ஒட்டிய பொன்தூளைச் சுற்றிச் சுற்றி, பொறுமையாகத் துடைத்துக்கொண்டிருந்தது. புதுச் செப்பு வளையம் அதற்குள் மூடியில் ஏறியிருந்தது. நிறுத்த வேண்டும் என்று நினைத்தார். கை நிற்காமல் மூடியை எடுத்துக்கொண்டு மேலே போய், மரையைத் தேடிப் பொருத்தி, முதல் திருகு திருகியது.

"சீக்கிரம் கூப்பிடும்மா," என்று குழிக்குள்ளிருந்து அலறினார். "கை வேலைய ஆரம்பிச்சிருச்சு."