எமகண்டம் முடிகிறவரை

எங்கள் வீட்டில் மூன்று காலண்டர்கள். கூடத்தில் தொங்குவது அம்மாவின் தினசரி காலண்டர். அதில் நேரம் பார்க்காமல் அம்மா கேஸ் சிலிண்டர்கூட மாற்ற மாட்டாள். அப்பாவுக்கு மல்லிகைத் தோட்டம் என்பதால், முகூர்த்த நாட்களை மட்டும் வட்டம் போட்ட ஒரு மாதக் காலண்டர் மோட்டார் ரூமில் இருந்தது. மூன்றாவது என்னுடையது. வேடசந்தூர் பக்கம் நான் வேலை பார்த்த நூல்மில்லின் ஷிப்ட் அட்டவணை. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி. இந்த மூன்றும் ஒத்துப்போகிற நாளில்தான் எங்கள் வீட்டில் எதுவும் நடக்கும்.

என்னைப் பெண் பார்க்க வந்தது அப்படித் தேடிப் பிடித்த ஒரு பங்குனி ஞாயிற்றுக்கிழமை. அப்பாவுக்கு முகூர்த்தம் இல்லை. எனக்கு மதிய ஷிப்ட். மில் பஸ் பன்னிரண்டு ஐம்பதுக்கு. பன்னிரண்டுக்கு எமகண்டம் தொடங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பது அம்மாவின் கணக்கு.

அதற்கு முன் வந்த இரண்டு இடமும் என் வேலையால்தான் தட்டிப் போயிருந்தன. "கல்யாணத்துக்கு அப்புறம் மில்லுக்குப் போறத விட்ருவாள்ல?" என்று இரண்டு வீட்டாரும் கேட்டார்கள். மாட்டேன் என்று நானே சொல்லிவிட்டேன். இந்த மூன்றாவது ஆளுக்கு நத்தத்தில் மாங்காய் மண்டி. போட்டோவைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது, மறைப்பானேன். இவரும் அதையே கேட்டுத் தொலைப்பாரோ என்பதுதான் என் பயம்.

பதினொரு மணிக்கு வர வேண்டியவர்கள் திண்டுக்கல் பைபாஸில் டயர் பஞ்சராகி, பன்னிரண்டு ஐந்துக்கு வந்து சேர்ந்தார்கள். எங்கள் வாசலுக்கு அல்ல, தெருமுனை வேப்பமரத்துக்கு. அங்கிருந்து மாப்பிள்ளையின் தாய்மாமன் போன் செய்தார்.

"எமகண்டம் பொறந்துருச்சு தாயி. நாங்க வண்டியிலயே இருக்கோம். ஒன்றரைக்கு மேல வந்து வாசல் மிதிக்கிறோம்."

"அம்புட்டுப் பதவிசான மனுசங்க!" என்று அம்மா பூரித்துப்போனாள்.

ஜன்னல் வழியாக வேன் நன்றாகத் தெரிந்தது. அந்த வெயிலில் ஒன்பது பேர் உள்ளே வெந்துகொண்டிருந்தார்கள். மோராவது கொடுத்தனுப்பலாம் என்றேன். எமகண்டத்தில் கொடுக்கிற மோர்தான் முதல் உபசாரமாகிவிடும் என்று அம்மா தடுத்துவிட்டாள். நான் பட்டுப் புடவையில் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன்.

லீவு போட்டிருக்கலாமே என்று தோன்றலாம். என் மெஷினில் காலை ஷிப்ட் பார்க்கிற அக்காவின் மகளுக்கு அன்றைக்குக் காதுகுத்து. அதற்கும் ஒரு காலண்டர், அதிலும் ஒரு நல்ல நேரம்: மூணேகால். இரண்டு மணிக்கு நான் போய் நின்றால்தான் அவர் அங்கிருந்து கிளம்ப முடியும். வருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

பன்னிரண்டு நாற்பதுக்குப் புடவையை அவிழ்த்துவிட்டு, சுடிதாரும் மேலே நீல மில் கோட்டுமாக வெளியே வந்தேன்.

"ஏன்டி, பொண்ணே இல்லாத வீட்டுல பொண்ணு பாக்கவா அவுக வந்திருக்காக?" அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. எனக்கு அம்மா மேல், டயர் மேல், எமன் மேல் என்று வரிசையாகக் கோபம் வந்தது.

பஸ் நிற்கிற இடம் வேனைத் தாண்டி. தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். வேன் கதவு திறந்தது. சட்டையெல்லாம் நனைந்து போய் மாப்பிள்ளை இறங்கினார்.

"ஏலே அப்பு, உள்ள ஏறு!" என்று தாய்மாமன் உள்ளிருந்து கத்தினார்.

"செத்த நேரம் கால நீட்டிக்கிறேன் மாமா" என்றவர், என் பக்கம் திரும்பி, "நீங்கதானா?" என்றார்.

"ஆமா. ரெண்டு மணி ஷிப்ட்டு. மாத்த முடியல, மன்னிச்சுக்கங்க."

மில் வேலையை விடுவீர்களா என்று இப்போது கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என் தலைக்கு மேலாக ரோட்டைப் பார்த்தார்.

"பஸ்சு வருது. ஓடுங்க, விட்டுறப் போறீக."

நான் நகர்ந்ததும், "அடுத்த வாரம் என்ன ஷிப்ட்டு?" என்றார்.

"நைட்டு."

"அப்பப் பகல்ல தூங்குவீக. சாயங்காலமா போன் பண்றேன்."

பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், வேடசந்தூர் வரை என்னை அறியாமல் சிரித்துக்கொண்டே போனேன். என்னைத் தூங்க விட வேண்டும் என்று நினைக்கிற ஒரு ஆள் எனக்குக் கிடைக்கப் பார்த்தார். அது கை நழுவிவிடக் கூடாதே என்று பயமாகவும் இருந்தது.

ஐந்து மணி டீ இடைவேளையில் அம்மா கூப்பிட்டாள்.

"ஒண்ணு முப்பத்தொண்ணுக்கு வலது கால எடுத்து வச்சு வந்தாகடி. கேசரி சாப்பிட்டாக. உன் போட்டோவக் கொடுத்தா, மாப்பிள்ளை அதச் சரியாக்கூடப் பாக்கல, சம்மதம்னுட்டாரு. மில்லு வேலையப் பத்தி அவுக மாமா இழுத்தாரு. மாப்பிள்ளைதான் 'அவ போயிட்டு வரட்டும், பஸ்டாப்புல நான் கொண்டுபோய் விடுறேன்'னுட்டாரு. என்னத்தப் பாத்து அவருக்குப் பிடிச்சுச்சோ!"

டீ டம்ளரைக் கேன்டீன் மேஜையில் வைத்துவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"உனக்குப் பிடிச்சிருக்கான்னு கேட்டுட்டு உக்காந்திருக்காக. இப்ப வாயத் தொறந்துறாத, ராகு காலம். ஆறு மணிக்கு மேல சொல்லு."

ஆறு மணிக்கு நான் மெஷினில் நிற்பேன். போன் லாக்கரில் கிடக்கும்.

"பிடிச்சிருக்கும்மா!" என்றேன், கேன்டீனே திரும்பிப் பார்க்கிற அளவுக்கு.