காலி நாற்காலியும் உள்தாழ்ப்பாளும்

வரும் மே மாதத்தோடு எனக்குப் பணி முடிகிறது. தாடிக்கொம்புப் பக்கம் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். அரிசி பருப்பு வைக்கும் அறையின் சாவி எப்போதும் என் இடுப்பில் இருக்கும். காலையில் நான் போகாவிட்டால் உலை வைக்க முடியாது. சமையல்கார அம்மா உடனே என் வீட்டுக்கு ஆள் அனுப்பிவிடுவார். கணவர் இறந்து, மகளும் கட்டிக்கொடுத்த ஊருக்குப் போன பிறகு, என்னைத் தேடி யாராவது வருவார்கள் என்றால் அது இந்தச் சாவிக்காகத்தான்.

எனக்கு முன்னால் ஓய்வு பெற்ற அமைப்பாளர் குளியலறையில் வழுக்கி விழுந்து இறந்துபோனார். வாசலில் பால் பாக்கெட்டுகள் சேர்ந்து கிடந்ததைப் பார்த்த பிறகுதான் தெருக்காரர்கள் கதவை உடைத்தார்கள். அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம். மே மாதத்துக்குப் பிறகு நான் விழுந்தால் யார் வருவார்கள்?

போன வருடம், ஓய்வு பெறப்போகிறவர்களுக்குச் சனிக்கிழமை காலையில் கூட்டம் என்று கிளை நூலகத்தில் பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். பென்ஷனுக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டுக்கொள்ளலாமே எனப் போனேன். போன உடனேயே ஒரு தப்புப் பண்ணினேன். ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்துவிட்டேன். பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்த பெரியவர்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். செத்தவர் நாற்காலியோ என்று பதறி எழுந்துவிட்டேன்.

நூலகர் சின்ன வயதுப் பெண். அவர்தான் விளக்கினார். தினமும் வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு நாற்காலி. ஒரு நாள் காலியாக இருந்தால் பரவாயில்லை. மறுநாளும் காலி என்றால், பக்கத்தில் குடியிருப்பவர் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். வேறு ஆள் உட்கார்ந்துவிட்டால் வராதவர் கணக்கில் தெரியமாட்டார். போன் பண்ணினால் போதாதா என்று கேட்டேன். பள்ளியில் வேலை என்றதால் என்னை டீச்சர் என்றே அழைத்த, ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் பதில் சொன்னார்.

"போன் அடிச்சா எடுக்கலன்னுதான் தெரியும், டீச்சரம்மா. கதவத் தட்டுனாத்தான் ஆளு இருக்கா இல்லையான்னு தெரியும்."

அலமாரி ஓரத்தில் எனக்கும் ஒரு நாற்காலி ஒதுக்கினார்கள். பள்ளி விட்டதும் அங்கே போகப் பழகிக்கொண்டேன்.

அரையாண்டு விடுமுறையில் காய்ச்சலில் படுத்து, இரண்டு நாள் நூலகம் போகவில்லை. திடீரென்று கதவை யாரோ தடதடவென்று தட்டினார்கள். அரிவாள்மனையைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலைத் திறந்தால், சைக்கிளைப் பிடித்தபடி தபால்காரர். பயம் எல்லாம் கோபமாக மாறி, அவரைத் தாறுமாறாக ஏசினேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

பொங்கல் கழிந்து சில நாளில் அவருடைய நாற்காலி காலியாகக் கிடந்தது. மறுநாளும் அவர் வரவில்லை. அவரும் தனிக்கட்டைதான், அவர் வீட்டுக்குப் பக்கம் நான்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

போகும் வழியெல்லாம் வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று நூலகரை மனசுக்குள் திட்டிக்கொண்டே நடந்தேன். கதவைத் தட்டினேன். சத்தமில்லை. உள்ளே கிடப்பது நான்தான், தட்டுகிறவர் வேறு யாரோ என்று ஒரு கணம் தோன்றியது. இன்னொரு முறை தட்டினேன். உள்ளிருந்து மெலிந்த குரல் கேட்டது.

"யாரு, லைப்ரரியா?"

அப்படியே வாசல்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அடுப்படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, தண்ணீருக்குத் தவித்துக் கிடந்திருக்கிறார். கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள். அதை உடைத்துத் திறக்கத் தெரு ஆட்கள் அத்தனை பேரும் சேர வேண்டியிருந்தது. எப்படியோ பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் என் வீட்டின் இன்னொரு சாவியைக் கொண்டுபோய் நூலகரிடம் கொடுத்தேன். அவர் அதை மேசை டிராயரில் வைத்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அக்கா, உள்ள தாப்பா போட்டுட்டா இந்தச் சாவி எதுக்கும் ஆகாதுக்கா."

தனியாக இருக்கும் பொம்பளை தாழ்ப்பாள் போடாமல் எப்படிப் படுப்பது? அன்றைக்கு அதைப் போடத்தான் போனேன். தபால்காரர் வீட்டுக் கதவு நினைவுக்கு வந்து கையை எடுத்துவிட்டேன். இப்போதெல்லாம் வெளியிலிருந்தும் சாவி போட்டுத் திறக்கக்கூடிய கதவுப் பூட்டை மட்டும் பூட்டிவிட்டுப் படுக்கிறேன். தெருவில் நாய் குரைத்தால் திருடன்தான் என்று எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். கண் தாழ்ப்பாள் பக்கமே போகிறது. ஆனால் போடுவதில்லை.